ஃபார்மலினில் போன மூன்று மாதம்

மீன் குடலில் இருக்கும் மிக்ஸோஸோவா ஒட்டுண்ணிகளை இனம் பிரிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கையில் கிடைத்ததை எல்லாம் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். மூன்று மாத வேலை வீணாகப் போனது.

மேட்டூர் அணை ரோகு மீனில் எடுத்த மாதிரி. பேரினம் வரை ஒரே நாளில் வந்துவிட்டது. ஸ்போரின் (ஒட்டுண்ணி பரவ உருவாக்கும் நுண்ணிய வித்து) ஒரு முனையில் இரண்டு போலார் கேப்ஸ்யூல் (உள்ளே இழை சுருண்டிருக்கும் சின்னப் பை), வால் கிடையாது, ஆக மிக்ஸோபோலஸ். கேப்ஸ்யூல் ஒன்றுதான் என்றால் தெலோஹனெல்லஸ், வால் இருந்தால் ஹென்னெகுயா. ஆனால் மிக்ஸோபோலஸில் மட்டும் 2005-ல் வந்த தொகுப்பிலேயே 744 இனங்கள். பத்து மைக்ரான் சொச்சம் நீளமுள்ள ஸ்போரில் அரை மைக்ரான் வித்தியாசம்கூடக் கணக்கு. ஃபார்மலினில் ஸ்போர் சுருங்கிவிடும். என் அளவுகள் எதனோடும் பொருந்தாததற்கு அதுதான் காரணம் என்று புரியவே ஒரு மாதம் ஆனது. சரி, இனங்களை ஒப்பிட உதவும் 18எஸ் மரபணுவைப் பார்க்கலாம் என்றால், டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆரில் பட்டையே விழவில்லை. டிஎன்ஏவும் சிதைந்திருந்தது.

மறுபடி மேட்டூர். மீன் அறுக்கும் அக்காவிடம் குடல் மட்டும் வேண்டும் என்றேன். “குடலா? அத நாய்க்குத்தானே தம்பி போடுவோம்” என்றவர், விஷயத்தைச் சொன்னதும் ஒவ்வொரு மீனின் குடலையும் தனித்தனிப் பையில் கட்டித் தந்தார்.

குடலுக்குள் மிதக்கும் ஸ்போரை நம்பாதீர்கள். இரையோடு உள்ளே வந்து அப்படியே வெளியே போவதாகவும் இருக்கலாம். குடல் சுவரைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எனக்கு நான்காவது மீனில்தான் கிடைத்தது: ரவையைவிடச் சிறிதாக, பால் வெள்ளையில் ஒரு கட்டி. ஊசியால் குத்தியதும் கசிந்தது முழுக்க ஸ்போர். பாதியை 95 சதவீத எத்தனாலில் போட்டேன். மீதியை ஃபிரெஷ்ஷாகவே ஸ்லைடில் வைத்து 30 ஸ்போர்களை அளந்தேன். லூகால் அயோடின் ஒரு சொட்டு விட்டதும் உள்ளே ஒரு புள்ளி பழுப்பாகத் தெளிந்தது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டபோது கேப்ஸ்யூலிலிருந்து இழை சுருள் அவிழ்ந்து வெளியே பாய்ந்தது. ஜெல்லிமீன் கொட்டும்போதும் இப்படித்தான் இழை பாயும். இவை ஜெல்லிமீனுக்கு உறவு என்று படித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங்குக்குக் கொடுக்கப் போன இடத்தில் அடுத்த அடி. படிவத்தில் கைடு கையெழுத்து இருந்தது, துறை முத்திரை இல்லை. ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறேன் என்று சொல்லியும் கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் ஐஸ் முழுக்க உருகிவிட்டது. எத்தனாலில் இருந்ததால் மாதிரி தப்பியது. கிளம்பும் முன் படிவத்தை இரண்டு முறை பாருங்கள், முத்திரை உட்பட.

பத்து நாள் கழித்துக் கொடுத்தேன். வரிசை சுத்தமாக வந்தது! டிஎன்ஏ வரிசைகளின் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் உள்ள எதனோடும் முழுதாக ஒத்துப்போகவில்லை. அதற்காகப் புது இனம் என்று அவசரப்பட மாட்டேன். நம் நாட்டில் முன்பு விவரித்த பல இனங்களுக்குப் படமும் அளவும்தான் உண்டு, டிஎன்ஏ வரிசை கிடையாது. அந்தப் பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அப்புறம், சனிக்கிழமை மறுபடி மேட்டூர். அக்காவுக்குப் போன் செய்து சொல்லியாயிற்று.