கேஸ் ஷீட்டில் ஏறாத அம்மை

நரம்பியல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் தொடங்கிய நேரம். 34 வயது எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். காலையில் எழுந்தபோது இடது கையும் காலும் வரவில்லை, வாய் கோணியிருந்தது. பக்கவாதம். தூக்கத்தில் மூளையின் ரத்தக் குழாய் எப்போது அடைத்தது என்று யாருக்குத் தெரியும்? ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அடைத்ததிலிருந்து பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. அந்தப் பேச்சே எழவில்லை.

சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பீடி சிகரெட் இல்லை. இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனும் சுத்தம். "சமீபத்துல காய்ச்சல், நோய் ஏதாவது?" என்று டாக்டர் கேட்டதற்கு மனைவி, "ஒண்ணும் இல்லைங்க" என்றார். கேஸ் ஷீட்டில் அப்படியே ஏறியது.

மூன்றாம் நாள் உடம்பு துடைக்கப் புரட்டியபோதுதான் முதுகைப் பார்த்தேன். மிளகு மிளகாகத் தழும்புகள், கருமை கூட மாறவில்லை.

"ஏம்மா, இது என்ன?"

"அதுவா சிஸ்டர், மாசிக் கடைசியில அம்மா வந்திருந்தா. மூணு தண்ணி ஊத்தியாச்சு."

அவர் எதையும் மறைக்கவில்லை. வேப்பிலை கட்டி, கூழ் வைத்து அனுப்பியதை யார் நோய்க் கணக்கில் சேர்ப்பார்கள்?

சின்னம்மைக் கிருமி, கொப்புளம் காய்ந்த பிறகும் நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருக்கும். முகத்துக்கு வரும் நரம்பின் கிளைகள் மூளையின் ரத்தக் குழாய்களுக்கும் போகின்றன. அந்த வழியாகப் போய்க் குழாயின் சுவரைப் புண்ணாக்கி வீங்க வைக்கும்; பாதை குறுகி, சில வாரமோ மாதமோ கழித்து அடைத்துக்கொள்ளும். அபூர்வம்தான், ஆனால் நல்ல திடமான ஆளுக்கும் வரும். அக்கியும் இதே கிருமிதான். கண்ணைச் சுற்றி அக்கி வந்து, குயவர் வீட்டில் காவியால் எழுதி ஆறிய பின், எதிர்ப்பக்கக் கை கால் விழுந்து வருபவர்களும் உண்டு.

தழும்பைச் சொன்னதும் டாக்டர் முதுகுத்தண்டு நீரை எடுத்தனுப்பினார். அந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருட்கள் இருந்தன. 14 நாள் அந்தக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் டிரிப், கூடவே ஸ்டீராய்டு. கால் ஓரளவு வந்தது. விரல்கள் டெஸ்டர் பிடிக்கும் அளவுக்கு வரவில்லை.

முதல் நாள் அவர் சட்டையைக் கழற்றி கவுன் மாட்டியது நான்தான். அவசரத்தில் முதுகைப் பார்க்கவில்லை.

இப்போது இளவயதுப் பக்கவாதம் என்றால் நானே போய்க் கேட்டுவிடுகிறேன்: "வீட்டுல அம்மா வந்திருந்தாளா? அக்கி எழுதினீங்களா?" பயிற்சி டாக்டர்கள் சிரிப்பார்கள். போன மாதம் ஒரு பாட்டி, பேரனின் நெற்றி முடியை ஒதுக்கிக் காட்டி, "எழுதினோம் தாயி, இங்கதான்" என்றார்.