தேரி மணலில் ஒரு நேர்த்திக்கடன்

பங்குனி உத்திரத்தன்று நெல்லைச் சீமையில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களெல்லாம் அவரவர் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். எங்கள் சாஸ்தா இருப்பது குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் மேட்டுக்குள். 1986-ல் மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கம் தூத்துக்குடியோடு போய்விட்டது. எங்களுக்கு என்னவோ அது இன்னும் திருநெல்வேலிதான்.

இந்தத் தடவை அண்ணன் பேரனுக்கு முடியிறக்கு. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் கிடந்தபோது, "பிள்ளையைக் கையில் கொடுத்துரு சாஸ்தாவே, முதல் முடி உனக்குத்தான்" என்று மதினி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

தேரி விளிம்பிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதற்கு ஒரு ரசீது. இறங்கியதும், "பூசைத் தட்டு வாங்கினா நேரா உள்ளே கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவன் பின்னாலேயே வந்தான். சாஸ்தாவைப் பார்க்கவும் தரகரா! அவனை விரட்டிவிட்டு நடந்தோம்.

அந்த நடைதான் பாடு. உச்சி வெயில், வெறுங்கால், சுடுகிற செம்மணல். ஓரடி ஏறினால் அரையடி சறுக்குகிறது. பிள்ளைக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு மருமகன் முன்னால் போனான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு. கொஞ்சம் மூச்சு வாங்க ஒரு பனைநிழலில் உட்கார்ந்தபோது ஆரம்பித்தான்.

"அத்தை, இந்த மேட்டை யாரு குவிச்சா?"

"காத்துதான். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா அடிக்குமே, அது." மணல்மணிகள் மேல் இரும்புத் துரு படிந்திருப்பதால் சிவப்பு என்பதும் எனக்குத் தெரியும், பள்ளியில் படித்ததுதான்.

"இதைக் கம்ப்யூட்டர்ல நாலு வரியில எழுதிரலாம்" என்றான். 1995-ல் வெர்னர் என்ற விஞ்ஞானி செய்தே காட்டினாராம். திரையில் கட்டம் கட்டமாக மணலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தொட்டதுபோல ஏதோ ஒரு கட்டத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, காற்று போகிற திசையில் சில கட்டம் தள்ளிப் போடுவது. மேட்டின் மறைவில் விழுந்தால் அங்கேயே தங்கும். மற்ற இடத்தில், கீழே ஏற்கெனவே மணல் இருந்தால் 10-ல் 6 தரம் தங்கும். தங்காவிட்டால் மறுபடி தாவும். சரிவு 30 பாகையைத் தாண்டிச் செங்குத்தானால் சரிந்து இறங்கும். அவ்வளவுதான் கணக்கு. மேடு என்று எந்த வரியிலும் எழுதவில்லை. ஓடவிட்டால் தேரி மாதிரியே மேடுகள் எழும்பி நகருமாம்.

"மணலே இல்லாத வெறுந்தரையில விழுந்தா?"

"அங்க மணி துள்ளிப் போயிரும் அத்தை. பத்துக்கு நாலுதான்…" என்றவன் நிறுத்திவிட்டான். ஆஸ்பத்திரியில் அவனிடம் சொன்னதும் அதே கணக்குதான். பத்துக்கு நாலு. நான் ஒன்றும் பேசாமல் எழுந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

கோயிலில் நல்ல கூட்டம். அந்தப் பக்கம் வரிசை காலியாகக் கிடக்கிறது, ஒருத்தரும் போகவில்லை. எங்கே ஆள் நிற்கிறதோ அங்கேயே போய் எல்லாரும் அடைகிறார்கள். "பாத்தீங்களா அத்தை, மணல் கணக்குத்தான்" என்று மருமகன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் தாத்தா இங்கே வந்தார் என்று அப்பா வந்தார், அப்பா வந்தார் என்று நாங்கள் வருகிறோம். மண் தங்கின இடத்தில்தானே மண் தங்கும்!

தாய்மாமன் மடியில் உட்கார்த்தி முடியிறக்கும்போது பிள்ளை போட்ட சத்தம் தேரி முழுக்கக் கேட்டிருக்கும். பெட்டிக்குள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவன். "அழட்டும், நல்லா அழட்டும்" என்று மதினியும் அழுதாள். சந்தனம் பூசிக் கொண்டுபோய் நடையில் கிடத்தினோம். பூசாரி திருநீறு இட்டார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, எப்போது அள்ளினானோ, கைக்குள் இறுக்கி வைத்திருந்த செம்மணலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மருமகள் பதறிப் போய் விரலை விட்டுத் தோண்டினாள். "விடும்மா, அவன் மண்ணுதானே" என்றார் பூசாரி. நான் சாஸ்தாவைப் பார்த்தேன். கும்பிட நினைத்து வந்த ஒன்றும் ஞாபகம் வரவில்லை. என் அய்யா, என் அப்பனே, பத்துக்கு நாலை நீ பத்துக்குப் பத்தாக்கிக் கொடுத்தாயே! அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். தள்ளட்டுமே.

பொங்கல் பொங்கியதும் குலவையிட்டோம். அப்புறம் எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எங்கே சாப்பிட்டோம் என்பதெல்லாம் சரியாக நினைவில்லை. காதுகுத்து அடுத்த உத்திரத்துக்கு என்று பூசாரியிடம் சொல்லியாயிற்று. மருமகன் வண்டியில் ஏறியதுமே காலண்டரில் லீவைக் குறித்துவிட்டான்.