அம்மாவுக்கு வந்த பத்து நிமிஷம்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம காலைல, தலவாக்கலைக்கு மேல எங்க தோட்டத்து லயத்து வீட்டுல, அம்மா ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தாங்க, நான் தேத்தண்ணியோட போன நோண்டிக்கிட்டு இருந்தேன். கருகுற வாட வந்துதான் நிமிந்து பாத்தேன். ரொட்டி கல்லுல கருகுது, அம்மா திருப்பல, மாவு அப்பின வலது கை அப்பிடியே தொங்கிக்கிட்டு இருக்கு. "என்னம்மா"ன்னா என்னமோ சொல்றாங்க, ஒரு வார்த்த வெளங்கல, வாயும் ஒரு பக்கமா இழுத்திருக்கு.

பத்து நிமிஷம் இருக்கும். கை வந்துருச்சு, பேச்சும் வந்துருச்சு. "வெறும் வயிறுடா, வேற ஒண்ணுமில்ல"ன்னுட்டு கருகின ரொட்டிய கோழிக்கு பிச்சு போட்டாங்க. பக்கத்து காம்பரா பெரியம்மா துன்னூறு பூசி, காத்து பட்டிருக்குன்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன், படிச்சவன் வேற.

மூணு நாள் கழிச்சு கிளினிக்ல பேச்சுவாக்குல சொன்னப்போ டொக்டர் பேனாவ கீழ வச்சிட்டாரு. இதுக்கு டிஐஏன்னு பேராம். மூளைக்கு போற கொழாய்ல ரத்தக்கட்டி வந்து அடைக்குது, அப்புறம் தானா கரைஞ்சிருது, அதனாலதான் சரியான மாதிரி இருக்கு, ஆனா கட்டி பொறப்பட்ட எடம் அப்பிடியேதான் இருக்கு, அது கழுத்து கொழாய்ல படிஞ்ச கொழுப்பா இருக்கலாம், இல்ல நெஞ்சு தாறுமாறா துடிக்கிறதா இருக்கலாம். அடுத்த கட்டி கரையாம நின்னா அதான் பாரிசவாதம், பக்கவாதம்னு சொல்றது. வைத்தியம் பாக்காம விட்டா 10 பேர்ல ஒருத்தருக்கு 3 மாசத்துக்குள்ள வந்துருமாம், அதுலயும் பாதி மொத 2 நாளைக்குள்ள. அந்த ரெண்டு நாளும் நாங்க துன்னூறோட இருந்திருக்கோம்!

"அப்பவே ஒரு அஸ்பிரின் குடுத்திருக்கலாமா டொக்டர்"னு கேட்டேன், அதுக்கும் ஏச்சு. அடைச்சாலும் ரத்தம் கசிஞ்சாலும் வெளிய ஒரே மாதிரிதான் தெரியுமாம், கசிஞ்சிருந்தா அஸ்பிரின் இன்னும் மோசமாக்கிரும், ஸ்கேன் பாக்காம குடுக்கக்கூடாதாம். வாய் கோணுச்சா, கை தூக்க முடியலயா, பேச்சு கொழறுதா, ஒண்ணு இருந்தாலும் ஒடனே அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடிக்கணும், சரியாகிட்டாலும் அடிக்கணும். அம்புலன்ஸ் ஓசிதான். எங்க தோட்டத்து ரோட்டுல அது ஏறி வர்றது தனி கத.

அம்மாவுக்கு ஸ்கேன்ல கசிவு இல்ல, அதுக்கப்புறம் அஸ்பிரின் குடுத்தாங்க. பிரஷர் 180ஐ தாண்டி இருந்துச்சு. பாத்தா, ரெண்டு மாசமா மாத்திரையே எடுக்கல. கிளினிக் போனா அன்னைக்கு பேரு இல்ல, நாள் சம்பளம் போயிரும்ல, அதான்.

நேத்து ராத்திரி "மாத்திர போட்டீங்களாம்மா"ன்னு கேட்டேன்.

"இப்பதான் நல்லா இருக்கேனேடா, எதுக்கு?"