உப்புக் காற்றில் நின்ற ஆர்எக்ஸ் 100

அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஆறு வருடமாகத் தூத்துக்குடி வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்றது. 1994 மாடல். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம், அப்படிப்பட்ட ஊரில் வண்டியைச் சாக்குப் போட்டு மூடியதுதான் பெரிய தப்பு. சாக்கு உப்பு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வெயிலும் படவிடாமல், இரும்பை நாள் முழுக்க நனைத்தே வைத்திருந்திருக்கிறது. போன மாதம் அதை உருவி எடுத்தபோது இரண்டு மட்கார்டிலும் குரோம் தெரியவில்லை, ஒரே செம்மண் நிறம்.

நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். துருவைப் பார்த்ததும் எல்லாருக்கும் கை உப்புத்தாளுக்குத்தான் போகும். தயவுசெய்து வேண்டாம். வண்டியில் பளபளப்பாக இருப்பதெல்லாம் ஒரே உலோகம் இல்லை. முதலில் ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாகத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாதது பெரும்பாலும் அலுமினியம்: இன்ஜின் கவர், சிலிண்டர் ஹெட், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப். ஒட்டினால் இரும்பு, அதன் மேலே குரோமோ துத்தநாகமோ பெயிண்ட்டோ இருக்கும். இதைப் பிரித்துக்கொள்ளாமல் எதையும் ஊற்றக் கூடாது.

பிசுக்கு எடுப்பதுதான் முதல் வேலை, எண்ணெய் இருக்கும் இடத்தில் துரு மருந்து உள்ளே இறங்காது. டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும், அதனால் சைலன்சர் வாயிலும், சிலிண்டரின் சூட்டை ஆற்றும் துடுப்புகளுக்கு நடுவிலும் ஆயிலும் தூசியும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது, செயினை இழுக்கும் முன் பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) கவரைக் கழற்றினால் உள்ளே விரல் கனத்துக்குச் சேறும் கிரீஸும். ஐஸ்குச்சியால் சுரண்டிவிட்டு, மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய டூத்பிரஷால் தேய்த்தேன், மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் போதும். பெட்ரோல் வேண்டாம், ஒரு பொறி பட்டால் போதும், வண்டியோடு வீடும் போய்விடும். அப்புறம் சோப்புத்தூள் தண்ணீர். கார்புரேட்டர் வாயைப் பாலித்தீன் பை கட்டி மூடிய பிறகுதான் தண்ணீர் பக்கமே போனேன்.

இப்போது குரோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. பரோட்டா பார்சலில் வருகிற சில்வர் பேப்பர், அதாவது அலுமினியம் ஃபாயில், அதைக் கசக்கி உருண்டையாக்கி, வெறும் தண்ணீரில் தொட்டு லேசாகத் தேய்த்தால் போதும், கறுப்பாக ஒரு கூழ் வரும், துணியால் துடைத்தால் கீழே குரோம் மின்னும். அலுமினியம் குரோமைவிட ரொம்ப மென்மையானது, அதனால் கீறாது, துரு மட்டும் கழன்று வரும். இரும்பு நாரைப் போட்டால் கீறல் விழும். குரோம் பூச்சு என்பது ஒரு மைக்ரான்கூடக் கனம் இல்லாதது, அதற்கு அடியில் இருக்கும் நிக்கல்தான் உண்மையான காவல். இந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும், அவற்றின் வழியாகத்தான் துரு மேலே வருகிறது. ஆகவே துடைத்ததும் மெழுகு போட்டு அந்த ஓட்டைகளை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடற்கரை ஊரில் சீக்கிரமே மறுபடி புள்ளி விழும். குரோம் உரிந்தே போன இடம் எதைத் தேய்த்தாலும் திரும்பாது, பின் மட்கார்டில் உள்ளங்கை அளவு அப்படிப் போய்விட்டது. முன் மட்கார்டு முழுசாக வந்துவிட்டது, அப்பா அதில் முகம் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார்.

சைடு ஸ்டாண்டு, கிக்கர் மாதிரி கனமான வெறும் இரும்புக்கு சிட்ரிக் ஆசிட். எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கடையில் தருவார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில் ஒரு ராத்திரி. அடுப்படியில் புளி போட்டுப் பித்தளை தேய்க்கிற அதே சங்கதிதான், புளிப்பு துருவைக் கரைத்துவிடுகிறது. காலையில் எடுத்தால் சாம்பல் நிறத்தில் இருக்கும், பிரஷ் போட்டதும் சுத்தம். ஆனால் எடுத்துக் கழுவிவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். உடனே சோடா உப்புத் தண்ணீரில் முக்கி, துடைத்து, வெயிலில் சூடேற்றி, சூட்டோடு இன்ஜின் ஆயில் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு, அது நாளடைவில் பசை மாதிரி ஆகித் தூசியைப் பிடிக்கும்.

துத்தநாகப் பூச்சு உள்ள நட்டு, போல்ட்டு, ஸ்போக்ஸ் எதையும் இந்த வாளியில் போடாதீர்கள், புளிப்பு அந்தப் பூச்சையும் தின்றுவிடும், பிறகு முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். ஸ்பிரிங்குகளும் கூடாது, ஆசிட்டில் ஊறும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அவற்றுக்குப் பித்தளைக் கம்பி பிரஷ், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான்.

அலுமினியத்துக்கு இது எதுவுமே வேண்டாம். பல வருடம் முன்பு ஒரு சர்வீஸ் கடையில் இன்ஜின் கவரைப் பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவிக் கொடுத்தார்கள், கவர் வெளுத்துச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. அந்த வெள்ளையை எடுக்க எனக்கு இப்போது இரண்டு ஞாயிறு போனது: 800 நம்பர் தாள், பிறகு 1500, இரண்டும் தண்ணீர் தொட்டு, கடைசியில் மெட்டல் பாலிஷ். காஸ்டிக் சோடாவும் அலுமினியத்தைக் கரைக்கும். சைலன்சருக்குள் இருக்கிற பேஃபிள் பைப்பில் கரி எடுக்க மட்டும் காஸ்டிக் நல்லது, அது இரும்பு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் ராடு மட்டும் பாக்கி. ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் ஏறி இறங்கும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படுகிற மாதிரி குழி விழுந்திருக்கிறது, அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் குழியின் விளிம்பு புது சீலைக் கிழித்துவிடும். ஹார்டு குரோம் என்கிற கனமான குரோம் பூச்சு போட்டு அளவாக கிரைண்ட் பண்ணித் தருகிற பட்டறை மதுரை, திருநெல்வேலி பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ராடுகளைக் கழற்றி ஆயில் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.