சைசா பிளஸ் தேர்வுக்குக் கூடங்குளம் சம்பவத்தை வைத்துப் படியுங்கள்

சைசா பிளஸ் (கணினிப் பாதுகாப்பு அனலிஸ்ட் வேலைக்கான காம்ப்டியா நிறுவனத் தேர்வு) எழுதப் போகிறேன் என்று நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பேசுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தெந்த டூல் படிக்கணும்?" பெயர்களைச் சொல்வது சுலபம். வைரஸ்டோட்டல் (சந்தேகக் கோப்பைச் சோதிக்கும் தளம்), அப்யூஸ்ஐபிடிபி (ஐ.பி. முகவரிகள் மீதான புகார்களின் தளம்), யூஆர்எல்ஹவுஸ் (தீங்கான மென்பொருளைப் பரப்பும் இணைப்புகளின் பட்டியல்), ஷோடான் (இணையத்தோடு இணைந்த கருவிகளைத் தேடும் தளம்), மிஸ்ப் (தாக்குதல் தகவல்களைப் பகிரும் தளம்). ஆனால் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு, திரையில் ஒரு அலர்ட் வந்ததும் எதை முதலில் திறப்பது என்று தெரியாது. தேர்வில் வரும் சூழல் கேள்விகளும் அதைத்தான் சோதிக்கின்றன. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து, அதன் வழியாகவே எல்லா டூல்களையும் படியுங்கள்.

அப்படி ஒன்று நம் மாவட்ட எல்லையைத் தாண்டியதுமே கிடைக்கிறது. 2019 செப்டம்பர் 4 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையக் கணினி ஒன்றில் மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) இருப்பதாக இந்திய அணுமின் கழகத்துக்கு, சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் தகவல் கொடுத்தது. அக்டோபர் கடைசியில் விஷயம் வெளியே வந்தது. வைரஸ்டோட்டலில் இருந்த டிட்ராக் என்ற மால்வேரின் ஒரு மாதிரிக்குள், கூடங்குளம் நெட்வொர்க்கின் பெயரே எழுதி வைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அக்டோபர் 30 அன்று கழகமும் உறுதி செய்தது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த கணினி. முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது என்றார்கள்.

இந்த ஒரு சம்பவத்திலேயே பாதிப் பாடம் இருக்கிறது. ஒரு மால்வேருக்குள் குறிப்பிட்ட நிறுவனத்தின் உள் நெட்வொர்க் பெயர் இருந்தால், அது ஊருக்கெல்லாம் பொதுவாக வீசிய வலை அல்ல. உள்ளே ஏற்கெனவே நுழைந்து பார்த்தவர்கள் கட்டிய ஆயுதம். 'எத்தனை ஆன்டிவைரஸ் சிவப்புக் காட்டியது' என்ற எண்ணிக்கை இதைச் சொல்லாது. வைரஸ்டோட்டலில் ஒரு ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற எண்ணை) தேடினால் முதல் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். ரிலேஷன்ஸ் பகுதியில் அந்தக் கோப்பு எந்த டொமைனோடும் ஐ.பி.யோடும் பேசியது என்று பாருங்கள். பிஹேவியர் பகுதியில் எந்த புராசஸை (ஓடும் புரோகிராமை) தொடங்கியது, எந்தக் கோப்பை எழுதியது என்று பாருங்கள். அனலிஸ்டின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் எஸ்.ஓ.சி. (பாதுகாப்புக் கண்காணிப்பு மையம்) வேலை பார்க்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் தாக்குபவனைப் பற்றி இப்படிச் சொல்லிக் கொடுத்தார்: "மக்கா, ஹாஷ மாத்த அவனுக்கு ஒரு நிமிஷம் போதும். பழக்கத்த மாத்தணும்னா அவன் முதல்லயிருந்து ஆரம்பிக்கணும்." சைபர் பாதுகாப்பு நிபுணர் டேவிட் பியான்கோ 2013-இல் வரைந்த பிரமிட் ஆஃப் பெயின் என்ற படம் சொல்வதும் இதுவே: மேலே போகப் போகத் தாக்குபவருக்கு மாற்றுவது கடினம். அடியில் ஹாஷ், அதற்கு மேல் ஐ.பி., டொமைன், உச்சியில் தாக்குபவரின் நடைமுறைகள்.

டிட்ராக் கீபோர்டில் தட்டுவதைப் பதிவு செய்யும், பிரவுசர் வரலாற்றை எடுக்கும், ஓடும் புராசஸ்களைப் பட்டியலிடும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கி 2019-இல் எழுதியது. இந்த வரிகளை, தாக்குபவர்களின் நடத்தைகளை எண் போட்டு வரிசைப்படுத்தும் மைட்ரே அட்டாக் தளத்தில் நீங்களே பொருத்திப் பாருங்கள். கீலாகிங் டி1056.001, புராசஸ் டிஸ்கவரி டி1057. எண்களை நினைவில் வைக்க அவசியமில்லை. ஒரு நடத்தையைப் படித்ததும் அது எந்த டாக்டிக்கில் (தாக்குபவரின் நோக்கத்தில்) சேரும் என்று கை தானாகப் போக வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை மிகவும் வலியுறுத்துகிறேன். அலுவலகக் கோப்பை வைரஸ்டோட்டலில் அப்லோடு செய்யாதீர்கள். அப்லோடு செய்த கோப்பை அங்கே சந்தா வைத்திருக்கும் மற்றவர்களும் எடுக்க முடியும். ஹாஷை மட்டும் தேடுங்கள். அதேபோல, ஒரு ஐ.பி.மீது அப்யூஸ்ஐபிடிபியில் புகார் இருக்கிறது என்பதற்காக உடனே பிளாக் செய்யவும் கூடாது. கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவைகளில் ஒரே ஐ.பி.க்குப் பின்னால் எத்தனையோ நல்ல தளங்கள் இருக்கும். புகார் எப்போது வந்தது, அந்த ஐ.பி. யாருடையது, நம் லாகில் (கணினிப் பதிவுகளில்) அதோடு பேசியது எந்தக் கணினி என்று மூன்றையும் பார்த்த பிறகே முடிவு.

மிஸ்ப், ஸ்டிக்ஸ், டாக்ஸி மூன்றும் பலரைக் குழப்பும். முட்டத்துக் கடலில் ஒரு வள்ளக்காரர் பார்த்த ஆபத்தை வயர்லெஸில் மற்ற வள்ளங்களுக்குச் சொல்வார் இல்லையா, அதேதான் இதுவும். ஸ்டிக்ஸ் என்பது சொல்லும் வடிவம், டாக்ஸி அதைக் கொண்டு சேர்க்கும் வழி, மிஸ்ப் பகிர்ந்து சேர்த்து வைக்கும் தளம். யாரிடம் எதுவரை பகிரலாம் என்பதை டி.எல்.பி. (டிராஃபிக் லைட் புரோட்டோகால்) நிறங்கள் தீர்மானிக்கும். 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பில் வெள்ளைக்குப் பதில் 'கிளியர்' என்று மாறிவிட்டது; பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் செர்ட்-இன் 2022 ஏப்ரல் உத்தரவையும் படித்துக்கொள்ளுங்கள். சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

தேர்வு பற்றி: நான் எழுதியது சி.எஸ்.0-003 பதிப்பு. அதிகபட்சம் 85 கேள்விகள், 165 நிமிடம், தேர்ச்சிக்கு 900-க்கு 750. செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ் பகுதிக்கு மட்டும் 33 சதவீதம். த்ரெட் இன்டெலிஜென்ஸ் (மேலே பார்த்தது போல், தாக்குபவர்களைப் பற்றித் தகவல் சேர்ப்பது) இதற்குள்தான் வருகிறது. வீட்டிலிருந்தே எழுதலாம் என்றாலும், ஐப்பசி மழையில் நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நான் காலை ரயிலில் திருவனந்தபுரம் போய் சென்டரில் எழுதினேன். அதையே உங்களுக்கும் சொல்வேன். செயல்முறைக் கேள்விகள் (திரையில் செய்து காட்ட வேண்டியவை) பெரும்பாலும் தொடக்கத்திலேயே வரும், நேரத்தை விழுங்கும். அவற்றைக் குறித்து வைத்துவிட்டு மற்ற கேள்விகளை முடியுங்கள். பிறகு திரும்பி வந்து லாகை வரி வரியாகப் படிக்கப் போதுமான நேரம் கையில் இருக்கும்.