மோதிர விரலின் எந்தப் பாதி?

திருப்பூரில் பிசியோதெரபிஸ்டாக இருந்தால் பாதி நாள் கையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். ஓவர்லாக் ஓட்டுகிறவர், பவர் டேபிள் டெய்லர், செக்கிங்கில் நாள் முழுக்க பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அக்கா என்று யார் வந்தாலும் முதலில் சொல்வது, "கை மதமதன்னு இருக்குதுங்க சார்." என்ன வியாதி என்பதையும் அவர்களே முடிவு செய்திருப்பார்கள். "கழுத்துத் தேய்மானமுங்களா?" சிலர் மெடிக்கலில் கழுத்துப் பட்டை வாங்கி மாட்டிக்கொண்டே வருவார்கள்.

நான் கேட்பது, எந்த விரல்?

"எல்லா விரலுந்தானுங்க" என்று பதில் வரும். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை மெல்லியதாகத் திரித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டால் பலருக்கு எல்லா விரலும் இருக்காது. முக்கியமாக மோதிர விரலைத்தான் பார்ப்பேன். அதன் நடுவிரல் பக்கத்தைத் தொடுவேன், அப்புறம் சுண்டுவிரல் பக்கம். ஒரே விரல்தான், ஆனால் ஒரு பக்கம் நன்றாகத் தெரிகிறது, மறுபக்கம் துணி போர்த்தித் தொட்டதுபோல மங்கலாக இருக்கிறது என்பார்கள். சொல்லும்போது அவர்களுக்கே ஆச்சரியம்.

காரணம், உள்ளங்கைப் பக்கமாகப் பார்த்தால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி இவை மீடியன் என்ற கை நரம்பின் எல்லை. மோதிர விரலின் மறுபாதியும் சுண்டுவிரலும் அல்னார் என்ற இன்னொரு நரம்புக்கு. எல்லைக்கோடு மோதிர விரலின் நடுவில் ஓடுகிறது. சிலருக்கு இந்தக் கோடு கொஞ்சம் தள்ளியிருக்கும், ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் கணக்கு. கழுத்தில் நரம்பு வேர், அதாவது தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடம், நசுங்கினால் மரத்துப்போவது இப்படி ஒரு விரலை நீளவாக்கில் இரண்டாகப் பிரிக்காது. ஆகவே நடுவிரல் பக்கம் மட்டும் மங்கல் என்றால் நான் மணிக்கட்டைப் பார்க்கப் போய்விடுவேன்.

மணிக்கட்டில் அடியில் எலும்புகள், மேலே தடித்த ஒரு நார்ப்பட்டை, நடுவில் ஒரு குறுகலான வழி. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போக வேண்டும். காலை ஷிஃப்ட் நேரத்து டவுன் பஸ் மாதிரி. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் முதலில் அடிவாங்குவது நரம்புதான். ராத்திரி இரண்டு மணிக்கு எரிச்சலோடு எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்று சொல்பவர்களுக்கு இந்த மணிக்கட்டு நசுக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு தடயமும் உண்டு. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் உணர்ச்சி நன்றாகவே இருக்கும். அந்தத் தோலுக்குப் போகிற கிளை, நரம்பு இந்த இடுக்கில் நுழைவதற்கு முன்பே பிரிந்து பட்டைக்கு மேலாகப் போய்விடுகிறது.

சுண்டுவிரல் பக்கம் மங்கல் என்றால் முழங்கை. கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று கரண்டு பாயுமே, அந்த இடத்தில் எலும்புக்குப் பின்னால் தோலுக்கு நேர் கீழே அல்னார் நரம்பு ஓடுகிறது. முழங்கையை மடக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போன் பேசுகிறவர்கள், மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றி வேலை செய்கிறவர்கள் இந்தப் பக்கம் வருவார்கள். முன்கையின் உட்புறமும் சேர்ந்து மரத்திருந்தால் முழங்கையை விட்டுவிட்டு இன்னும் மேலே தேட வேண்டும். முன்கைத் தோலுக்கு வேறு நரம்பு. முழங்கையில் அல்னார் நசுங்குவதால் அது மரத்துப்போகாது.

அந்த "மேலே" என்பது கழுத்து. தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. கழுத்தில் எலும்பு 7தான், நரம்பு 8 ஜோடி. முதல் நரம்பு முதல் எலும்புக்கும் மேலே வெளிவந்துவிடுவதால் வந்த கணக்கு இது. படிக்கும் காலத்தில் வைவாவில் எங்களைத் திணறடித்த கேள்வி. ஐந்தாவது கழுத்து நரம்பு முதல் மார்பின் முதல் நரம்பு வரை ஐந்தும் கழுத்துக்கும் அக்குளுக்கும் நடுவில் சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து கைக்கான நரம்புகளாகின்றன. ஆறாவது வேர் கட்டைவிரல் பக்கம், ஏழாவது நடுவிரல், எட்டாவது சுண்டுவிரல் பக்கம். கழுத்தை ஸ்கேன் எடுத்தால் நடுத்தர வயதுக்கு மேல் ஏதாவது ஒரு தேய்மானம் பெரும்பாலும் தெரியத்தான் செய்யும். அதைப் பார்த்து பயந்துபோய் பல மாதம் பட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஒரு ரூபாய் பஞ்சை வைத்து முதலில் விரலைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

மூளைக்குள் நான் அதிகம் போவதில்லை, அது நியூராலஜிஸ்ட் பாடு. ஆனால் ஒன்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று ஒரு பக்கக் கையும் காலும் சேர்ந்து மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ என்னிடம் வராதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளையிலிருந்து இறங்கும் இயக்க நார்களில் பெரும்பகுதி மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறுவதால் இடது மூளையில் அடைப்பு என்றால் வலது கை விழும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

பக்கவாதம் வந்தவர்களின் வீட்டில் எப்போதும் ஒரு கேள்வி வரும்: "கால் நடக்க ஆரம்பிச்சிருச்சு, விரல் மட்டும் ஏனுங்க வரமாட்டேங்குது?" மூளையின் மேற்பரப்பில் உடம்புக்கான இடம் உடம்பின் அளவுப்படி பங்கிடப்படவில்லை. கைக்கும் உதட்டுக்கும் பெரிய பங்கு, முதுகுக்குக் கொஞ்சம். மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து 1937இல் அந்த வரைபடத்தை வெளியிட்டார். பட்டன் போடுகிற நுணுக்கம் மூளையிலிருந்து நேராக இறங்கும் அந்த இயக்க நார்களை ரொம்பவே நம்பியிருக்கிறது. நடைக்கு மூளைத்தண்டும் தண்டுவடமும் நிறையவே கைகொடுக்கும்.

சரி, கைக்கே திரும்புகிறேன். கட்டிங் செக்ஷனில் மணிக்கட்டு வெட்டுப்பட்டு, மீடியன் நரம்பைத் தைத்துக்கொண்டு வந்த ஒருவர் என்னிடம் வருகிறார். வெட்டுப்பட்ட நரம்பின் கீழ்ப்பகுதி செத்துப்போய்விடும். மேல்முனையிலிருந்து புதிய நார் முளைத்து, பழைய உறைக்குள் புகுந்து, தோராயமாக நாளுக்கு 1 மில்லிமீட்டர் வளரும். எங்கே வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மெஷின் தேவையில்லை. விரல் நுனியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். எந்த இடத்தில் விரலுக்குள் சுரீரென்கிறதோ, நார்முனை அங்கே. அங்கே பேனாவால் புள்ளி வைத்து, தையல் தழும்பிலிருந்து டேப்பால் அளந்து கார்டில் எழுதுவேன்.

நுனி வரைக்கும் அரை வருடத்துக்கு மேலாகும் என்றதும் அவருக்கு நம்பிக்கையே இல்லை. "அதுக்குள்ள கம்பெனியே மூடிருவாங்க சார்" என்றார். உணர்ச்சி இல்லாத விரலில் வேறு சில விசித்திரங்களும் நடக்கும். அங்கே வியர்க்காது. தண்ணீரில் ஊறினாலும் தோல் சுருங்காது, ஏனென்றால் அந்தச் சுருக்கமும் நரம்பின் வேலைதான். துணி துவைத்த பிறகு மூன்று விரல் மட்டும் வழுவழுவென்று இருப்பதை அவர் மனைவிதான் முதலில் கவனித்திருக்கிறார். இஸ்திரிப் பெட்டி சுட்டது அவருக்குத் தெரியவேயில்லை, கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தார். அதனால் சூடான எதையும் அடிபடாத இடது கையால் தொட்டுப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

நார் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. புதிய நார்கள் பழைய இடத்துக்கே சரியாகப் போய் உட்காருவதில்லை, மூளை புதிதாகப் படித்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரு துணிப்பையில் ஜிப் துண்டு, எலாஸ்டிக், ஹூக், பட்டன் எல்லாம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்கிறேன். எலாஸ்டிக்கும் ஜிப்பும் அவருக்கு இப்போது அத்துப்படி. பட்டனில் இரண்டு ஓட்டையா நாலு ஓட்டையா என்று கேட்டால்தான் என்னைத் திட்டுகிறார்.