லாக் நட்டை இறுக்கிய பிறகும் புஷ் ராடு சுழல வேண்டும்

ஞாயிறு காலை ஏற்காடு ஏரிக்கு எதிரே ஒரு டீக்கடை வாசலில், கொதிக்கக் கொதிக்க நின்ற இன்ஜினை ஒரே கிக்கில் எடுத்தேன். கொண்டை ஊசி வளைவு இருபதும் ஏறி வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜனவரியிலிருந்து இந்த ஒரு கிக்குக்காகத்தான் காத்திருந்தேன். நடுவில் வண்டியை விற்றுவிடலாம் என்று ஒருவருக்கு வாய் வார்த்தையாகச் சொல்லியும்விட்டேன்.

வண்டி 1998 மாடல் புல்லட் ஸ்டாண்டர்ட் 350. பழைய வார்ப்பிரும்பு போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), நாலு கியர், வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக், மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் பாயின்ட் செட். முதல் கை நானே. மீட்டர் கேபிள் எத்தனையோ தடவை அறுந்ததால் கிலோமீட்டர் கணக்கு சரியாகத் தெரியாது, லட்சத்தைத் தாண்டிவிட்டது என்பது மட்டும் உறுதி. இரண்டு முறை ரீபோர் ஆகியிருக்கிறது, அதாவது தேய்ந்த போரைக் கடைந்திருக்கிறது. கிளட்ச் பிளேட் எத்தனை மாற்றினேன் என்று எண்ணவில்லை.

நோய் இதுதான். காலையில் குளிர்ந்த இன்ஜினில் இரண்டாவது கிக்கில் எடுக்கும். டவுனுக்குள் எந்தக் குறையும் இல்லை. மலை ஏற ஆரம்பித்து இருபது நிமிடம் ஆனதும் இழுவை குறையும், சைலன்ஸரில் பட் பட் என்று வெடிக்கும், ஏதாவது ஒரு வளைவில் நின்றுவிடும். கிக்கரை மிதித்தால் சைக்கிள் பெடல் போல வழுக்கிக்கொண்டு கீழே போகும். அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல எடுத்துக்கொள்ளும். பிப்ரவரியில் ஒரு முறை மனைவி பின்னால் உட்கார்ந்திருக்கும்போது இப்படி நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி, சுவர் ஓரமாக நின்று, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அன்று இரவுதான் புது வண்டி பற்றிய பேச்சு வீட்டில் ஆரம்பித்தது.

சூடானால் நிற்கும் என்றதும் எல்லோரும் சொல்வது, பாயின்ட்டோடு சேர்ந்து ஸ்பார்க்குக்கு வேலை செய்யும் கண்டென்சர். நானும் அதையே நம்பினேன். கண்டென்சர் மாற்றினேன். பிறகு பாயின்ட் செட், கேப் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தேன். பிளக், பிளக் கேப், ஹெச்டி வயர் என்று வரிசையாக மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றி ஃப்ளோட் நீடில் மாற்றினேன். எதற்கும் அசையவில்லை. கண்டென்சர் போனால் ஸ்பார்க்தான் பலவீனமாகும்; கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தி கிக்கருக்குத் தரும் எதிர்ப்பு, எங்கும் போகாது. என் கிக்கரோ வெறுமனே வழுக்கியது. அந்த ஒரு குறிப்பை முதல் நாளே பிடித்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் ஓய்வில் இருக்கும் பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனேன். வண்டியைத் தொடக்கூட இல்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "டேப்பெட் எப்பப்பா வச்ச?"

"ஜனவரில, நானே வச்சேன்ணே. சத்தம் வந்துச்சு."

"நட்டை இறுக்குன பிறகு ஒருக்கா சுத்திப் பார்த்தியா?"

பார்க்கவில்லை.

இனி டேப்பெட் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். இன்ஜினின் கேம் சுழன்று தள்ளுவதை டேப்பெட்டும் அதன் மேல் நிற்கும் புஷ் ராடும்தான் மேலே வால்வுக்குக் கொண்டுபோகும்; டேப்பெட் வைப்பது என்றால் அந்த இடைவெளியைச் சரிசெய்வது. டாப் டெட் சென்டர் பிடிப்பது (பிஸ்டனை உச்சியில் நிறுத்துவது), பிளக்கைக் கழற்றி நாலாவது கியரில் போட்டு பின் சக்கரத்தைச் சுற்றுவது எல்லாம் தெரிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள், அதற்குள் போகவில்லை. இந்த வண்டிக்கு இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டுக்கும் குளிர்ந்த நிலையில் கிளியரன்ஸ், அதாவது இடைவெளி, பூஜ்யம். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜுக்கு இங்கே வேலை இல்லை. விரல்தான் அளவுகோல். புஷ் ராடு தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆடினால் சத்தம், சுழலாவிட்டால் வால்வு முழுதாக மூடவில்லை என்று அர்த்தம்.

சிக்கல் டேப்பெட் மூடிக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஜன்னலுக்குள் இருக்கிறது. மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு ராடின் அடியிலும் மூன்று அறுகோணம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும், நடுவில் இருப்பது வைத்த அளவு நகராமல் பிடிக்கும் லாக் நட். மேலே ஒரு ஸ்பானர், நடுவே ஒன்று, கீழே ஒன்று. மூன்று ஸ்பானருக்கு இரண்டு கைதான். அளவைச் சரியாகக் கொண்டுவந்து லாக் நட்டை இறுக்கும்போது அது பக்கத்து அறுகோணத்தையும் இம்மியளவு தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியாத அந்த அசைவில் பூஜ்யம் என்பது இறுக்கமாகிவிடும். குளிரில் வண்டி அதைக் காட்டிக்கொடுக்காது. மலையில் எக்ஸாஸ்ட் வால்வு சூடேறி நீளும்போது அது உட்காருவதற்கு இடமே இருக்காது. வால்வு வழியாகக் கம்ப்ரஷன் கசிந்து போகும், சைலன்ஸரில் வெடிக்கும், கிக்கர் வழுக்கும். அப்படியே ஓட்டிக்கொண்டே இருந்தால் வால்வே கருகிவிடும். இழுவை குறைந்த கையோடு நான் நிறுத்தி நிறுத்தி ஓட்டியதால் அது தப்பித்தது.

வயதான இன்ஜினில் இன்னொன்றும் உண்டு. வால்வு தான் உட்காரும் சீட்டில் தேய்ந்து தேய்ந்து உள்ளே இறங்க இறங்க கிளியரன்ஸ் தானாகவே குறையும். எனவே டேப்பெட் சத்தம் கேட்கவில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இருந்துவிடக் கூடாது. சத்தம் போடும் டேப்பெட்டைவிட சத்தமே போடாத டேப்பெட்டைப் பார்த்துத்தான் நான் இப்போது பயப்படுகிறேன்.

ஸ்பானருக்கு என்ன செய்தேன் என்றால், கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பானர் தடிமனாக இருப்பதால் ஒன்று உட்கார்ந்தால் அடுத்ததற்கு இடம் இல்லை. லேத் பட்டறையில் கொடுத்து மூன்றையும் கிரைண்டரில் தேய்த்து மெல்லிசாக்கினேன். நடுவே தண்ணீரில் தோய்த்து ஆறவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், நீலம் பாய்ந்தால் இரும்பு மிருதுவாகிவிடும். கீழ் ஸ்பானருக்குப் பாதி கைப்பிடியை வெட்டிவிட்டேன், சிலிண்டரின் ஃபின்னில் (சூட்டை ஆற்றும் தகடு) இடிக்காமல் நிற்கிறது. இந்த மூன்றும் இப்போது தனித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், யாருக்கும் இரவல் இல்லை.

வைக்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். இரவு முழுக்க ஆறவிட்டு காலையில்தான் தொடுவேன். ராடு கொஞ்சம் தாராளமாகச் சுழலும் நிலையில் நிறுத்திவிட்டு இறுக்குகிறேன், நட் இழுக்கும் இழுப்பு அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. பிறகு ஊதுபத்திக் குச்சியை விரலிடையே உருட்டுவது போல ராடை உருட்டிப் பார்க்கிறேன். பின் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை. ஒரு இடத்தில் சுழன்று இன்னொரு இடத்தில் பிடித்தால் ராடு வளைந்திருக்கலாம். எக்ஸாஸ்ட் மட்டும் ஏழு முறை திரும்பத் திரும்ப வைத்தேன். ஆறாவது முறை சரி என்றுதான் தோன்றியது, ஆனால் இறுக்கிய பிறகு விரலில் ஒரு சின்ன பிசுபிசுப்பு. ஏழாவதில் அது இல்லை. அந்த வித்தியாசத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை, உங்கள் விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று, கிக் எளிதாக இருக்க வால்வைச் சற்றுத் திறந்து கம்ப்ரஷனை விடும் டீகம்ப்ரஸரின் கேபிளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். லீவரில் கொஞ்சம்கூட தளர்வு இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தால் அதுவும் இதே போல கம்ப்ரஷனைத் தின்னும்.

உதிரி பாகம் பற்றி இடையில் சொல்லிவிடுகிறேன். பழைய புல்லட் சாமானுக்கு நான் இன்னமும் சென்னை புதுப்பேட்டைக்குத்தான் போகிறேன். டெல்லி கரோல் பாக்கிலிருந்து தபாலில் வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள். விலை குறைவு என்பது உண்மை, ஆனால் புஷ் ராடு, வால்வு, கைடு போன்றவற்றைக் கையில் எடுத்து கண்ணாடி மேல் உருட்டிப் பார்க்காமல் வாங்க எனக்கு மனம் வராது. ரப்பர் சாமான்களைப் பழைய ஸ்டாக்காக வாங்காதீர்கள். பங்கில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது, பழைய பெட்ரோல் டியூப் அதற்குத் தாங்கவில்லை. எத்தனாலுக்குத் தக்க டியூப் என்று கேட்டு வாங்கி மாற்றினேன். காற்றோடு சேரும் பெட்ரோல் கலவை மெலிந்துபோவதால் கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டையும் ஒரு சைஸ் கூட்டியிருக்கிறேன். பிளக் நிறம் இப்போது நல்ல பழுப்பு.

சரி, மாற்றுவதா வேண்டாமா என்ற பேச்சுக்கு வருகிறேன். புது வண்டி வாங்கலாம் என்று மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவனுடைய நண்பனின் புது கிளாசிக் 350-ஐ ஒரு நாள் வாங்கி ஓமலூர் வரை ஓட்டிப் பார்த்தேன். 349 சிசி, 20.2 குதிரைத்திறன், என் வண்டியின் 18-ஐவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் இரண்டும் வேறு வேறு உலகம். உள்ளே அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸர் ஷாஃப்ட் இருப்பதால் 80-இல் போகும்போதும் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் நம்பரைப் படிக்க முடிகிறது. கேம் மேலேயே இருக்கும் ஓவர்ஹெட் கேம், புஷ் ராடே கிடையாது. பிரேக் பிடித்ததும்தான் எனக்கு உண்மையில் பேச்சு வரவில்லை. முன்னும் பின்னும் டிஸ்க், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ். என் டிரம் பிரேக்கோடு நாலுவழிச் சாலையில் இவ்வளவு காலம் எப்படி ஓட்டினேன் என்று நினைத்துப் பார்த்தேன். புது வண்டி வாங்க ஒரு காரணம் சொல்லுங்கள் என்றால் நான் பிரேக் என்றுதான் சொல்வேன். வேகமும் மைலேஜும் எனக்குப் பெரிதில்லை.

விலைக் கணக்கும் இப்போது சாதகம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதற்கு மேலே உள்ளதற்கு 40 ஆனது. நான் ஆசைப்பட்ட இரட்டை சிலிண்டர் 650 ட்வின் அதோடு எட்டாமல் போய்விட்டது. இனி வாங்கினால் 350-க்குள்தான். பழையதை வைத்திருக்கும் செலவும் கூடியிருக்கிறது: 20 வருடம் தாண்டிய இருசக்கர வண்டியின் பதிவைப் புதுப்பிக்க அதே வருடம் கட்டணம் 2000 ரூபாய் ஆகிவிட்டது. எனக்கு அடுத்த புதுப்பிப்பு 2028-இல் வரும்.

ஆனால் வண்டி நோயில் கிடக்கும்போது இந்த முடிவை எடுத்திருந்தால் நான் பெரிய தவறு செய்திருப்பேன். விலை பேச வந்தவர் கிக்கரை ஒரு மிதி மிதித்துவிட்டு, "போர் போச்சு சார், இன்ஜின் இறக்கணும்" என்று பாதி விலை கேட்டார். எனக்கும் அப்போது அது உண்மை என்றுதான் பட்டது. சென்னை திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையிலிருந்து வந்த அந்தப் பழைய இன்ஜின் இனி புதிதாக வரப்போவதில்லை. ஸ்டாண்டில் போட்டு, திண்ணையில் வைத்து, மூன்று ஸ்பானரோடு ஒருவர் தானாகவே சரிசெய்துகொள்ளக்கூடிய 350 வேறு எங்கே கிடைக்கும்? கொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. இப்போது விற்பதில்லை என்று அவரிடம் போனில் சொல்லிவிட்டேன்.

மனைவியோடு சென்னைக்கோ மதுரைக்கோ போக ஏபிஎஸ் உள்ள வண்டி ஒன்று வேண்டும், அது தனிச் செலவு, அடுத்த வருடம் பார்க்கலாம். பழையது ஏற்காட்டுக்கும் சேலம் டவுனுக்கும். நாமக்கல் பக்கம் கொல்லிமலையின் எழுபது வளைவையும் ஏறி இறங்கினால்தான் இந்த டேப்பெட் மேல் முழு நம்பிக்கை வரும்.

அதற்கு முன் வேலை பாக்கி இருக்கிறது. டேப்பெட் மூடியின் கேஸ்கெட் இன்னும் ஒரு சொட்டு கசிகிறது, நடு நட்டை அதற்கு மேல் இறுக்கினால் மூடி வளைந்துவிடும் என்று விட்டுவைத்திருக்கிறேன். கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டி மூடியைச் சமமாகத் தேய்த்துவிட்டு புது கேஸ்கெட் போட வேண்டும். முன் பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டக் கொடுத்திருக்கிறேன், டிரம்மை லேத்தில் ஒரு சீவு சீவச் சொல்லியிருக்கிறேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் டேப்பெட்டை ஒருமுறை திறந்து உருட்டிப் பார்ப்பேன்.

அப்புறம், மகனுக்கு வலது கால் கியர் பழகவில்லை. பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கிறான். பக்கத்துக் காலி மைதானத்தில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெதுவாக அமுக்கு, டீகம்ப்ரஸரைப் பிடித்து ஒரு நூல் தள்ளு, விட்டுவிட்டு முழு மிதி என்று சொன்னேன். நாலாவது தடவை எடுத்துவிட்டான். வரும் ஞாயிறு ஆறு மணிக்குத் தன்னை எழுப்பச் சொல்லியிருக்கிறான்.